ஒரே தோட்டத்தில் இரு கூலி

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் கோயில் வரலாறும், கல்வெட்டுச் செய்திகளும், புலவர் பெருமையும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, சித்தூரிலும் திருப்பதியிலும் நெடுங்காலம் நடந்த ஒரு வழக்கினைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அது நீதிமன்றம் ஏறிய வழக்கன்று. கடல் கடந்து வந்த ஊழியருக்கு என்ன கூலி, உள்ளூர் ஊழியருக்கு என்ன கூலி, ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் நாற்காலியில் அமர மற்றவர் நிற்பது எதனால் என்பதே அவ்வழக்கு. அதன் வாதியரும் பிரதிவாதியரும் கிறித்தவர்களே. நம் சங்கத்தில் கிறித்தவக் குடும்பங்கள் சிலவே எனினும், பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த எவர்க்கும் இஃது அயலார் கதையாகத் தோன்றாது என்பது எங்கள் எண்ணம்.

முதலில் சித்தூரை நோக்குவோம். சித்தூர் மாவட்டம் என்று ஒன்று 1911 ஆம் ஆண்டிற்கு முன் இல்லை. அது வரை சித்தூரும் திருப்பதியும் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வட ஆர்க்காட்டில் 1853 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நிறுவப்பெற்றது. நிறுவியோர் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர் மூவர். அவர்தம் தந்தையார் டாக்டர் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி செய்து, பின் சென்னைக்கு வந்தவர். பிள்ளைகள் ஆர்க்காட்டையும் வேலூரையும் ஆரணியையும் சித்தூரையும் தம் பணிக்களமாகக் கொண்டனர். சித்தூர்ப் பகுதியில் தமிழும், மதனப்பள்ளிப் பகுதியில் தெலுங்கும் அம்மிஷனின் மொழிகளாயின. 1863 ஆம் ஆண்டில் மதனப்பள்ளியில் குடியேறிய டாக்டர் ஜேக்கப் சேம்பர்லின் தெலுங்கில் வல்லுநராகி, 1908 ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே மறைந்தார்.

இம்மிஷனில் இரு வகை ஊழியர் இருந்தனர். ஒருவர் மிஷனரி. மற்றவர் உபதேசியார். மிஷனரிக்குரிய சம்பளம் நியூயார்க்கில் இருந்த சங்கத்தாரால் உறுதி செய்யப்பட்டது. குடியிருக்கப் பங்களா, சுற்றுப் பயணத்திற்கு வண்டியும் கூடாரமும், கோடையில் மலைவாசம், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தாயகம் சென்று வரக் கப்பல் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியனவும் உண்டு. உபதேசியாருக்கோ மாதம் சில ரூபாய்கள். பகலில் கிராமப் பள்ளியில் அரிச்சுவடி கற்பிப்பவர் அவர். மாலையில் செபம் நடத்துபவர் அவர். நோயாளி இருந்தால் இரவில் லாந்தர் விளக்கோடு செல்பவரும் அவரே. மிஷனரி மாதம் ஒரு முறையோ, இரு மாதங்களுக்கு ஒரு முறையோ வந்து பதிவேட்டைப் பார்த்துச் செல்வார். அவ்வேளையில் உபதேசியார் மரத்தடியில் நின்றவாறே கணக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வேற்றுமைக்கு நியாயம் சொன்னவர்கள் இருந்தனர். அந்நியாயம் முற்றும் பொய்யன்று. அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1854-55 இல் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்து பார்வையிட்டார். இங்கிலாந்துச் சபைச் சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் இலண்டனில் இருந்தவாறே இது குறித்து எழுதி வந்தார். இருவரும் ஏறக்குறைய ஒரே கொள்கையினர். கிராமத்துச் சபை ஒரு நாள் தன் காலில் தானே நிற்க வேண்டும். அன்று அதன் போதகருக்குச் சம்பளம் கொடுப்பவர் அக்கிராமத்தாரே. ஆதலால் போதகரின் சம்பளம் கிராமத்தாரால் தாங்கக்கூடிய அளவில் இருத்தல் வேண்டும். அமெரிக்கப் பணத்தால் அதனை உயர்த்திவிட்டால், அப்பணம் நிற்கும் நாளில் சபையும் நின்றுவிடும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. கூழ் குடிக்கும் ஊரில் போதகர் மட்டும் நெய்ச்சோறு உண்டால் அவரை யார் தாங்குவர்?

ஆயினும் இவ்வாதத்தில் ஒரு பாதி விடுபட்டது. அச்சம்பளத்தை உறுதி செய்த அவையில் அதனைப் பெறுபவருக்கு இடம் இல்லை. ஆர்க்காட்டில் இந்நிலை மிகத் தெளிவாகத் தெரிந்தது. திருச்சபைக் காரியங்களை ஆராயும் கிளாசிஸ் என்ற அவையில் இந்தியப் போதகரும் மூப்பரும் அமெரிக்கரோடு சமமாக அமர்ந்து வாக்களித்தனர். பணத்தையும் பதவியையும் முடிவு செய்யும் மிஷன் அவையிலோ மிஷனரிமார் மட்டுமே அமர்ந்தனர். வேதத்தைப் பற்றிப் பேசலாம், வரவு செலவைப் பற்றிப் பேசலாகாது என்ற நிலை இது. படிப்பறிவுடைய இளைஞர் பலர் இதனைக் கண்டு தாலுகா கச்சேரிக்கும் இரயில்வேக்கும் சென்றுவிட்டனர். அங்கே சம்பளம் கூடுதல். மேலும், அங்கே நிற்கச் சொன்னால் அது அரசாங்கத்து வழக்கம் என்று மனம் ஆறலாம். எஞ்சி நின்றவர் பக்தியால் நின்றவர். அவர்களையே ஆங்கில அறிக்கைகள் சம்பளம் பெறும் ஏஜெண்டுகள் என்று குறித்தன.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் தகாது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் வட ஆர்க்காடு சொல்லொணாத் துன்பம் உற்றது. அப்பஞ்சத்தின் பின் மிஷனை நாடி வந்தவர்களுள் மிகப் பலர் பண்ணையாளாய் உழைத்து நெல்லளவையே கூலியாகக் கண்ட ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்தம் பிள்ளை ஒருவன் உபதேசியாராகி மாதம் பிறந்ததும் காசாகச் சம்பளம் வாங்கினான் என்றால், பண்ணையாரின் கையை எதிர்பாராத முதல் வருமானம் அதுவேயாகும். அக்குடும்பத்தின் கண்ணுக்கு அது சிறு தொகை அன்று. இக்காரணத்தால் அம்மக்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மிஷனரிமாரை நன்றியோடு நினைக்கின்றனர். அந்நன்றியும் உண்மை, அவ்வேற்றுமையும் உண்மை.

இனி, கிறித்தவ வேதம் இது குறித்து யாது கூறுகின்றது என்பதைச் சற்று நோக்குவோம். மோசேயின் சட்டத்தில் ஏழையான கூலிக்காரனைப் பற்றி ஒரு விதி உண்டு. அவன் தன் சகோதரனாயினும் சரி, தன் நாட்டில் வந்து தங்கிய அந்நியனாயினும் சரி, அவனை ஒடுக்கலாகாது. பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். அந்நியனுக்கும் உள்நாட்டானுக்கும் ஒரே நியாயம் என்பது அங்கே மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்படுகின்றது. இசுரவேலர் தாமே எகிப்தில் அந்நியராய்ச் செங்கல் அறுத்தவர் என்பதே காரணமாகக் காட்டப்படுகின்றது. புதிய ஏற்பாட்டிலோ, திராட்சத் தோட்டத்து உவமை யாவரும் அறிந்தது. விடியலில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் எசமானன் ஒரு வெள்ளிப் பணமே கொடுத்தான். விடியலில் வந்தவன் முணுமுணுத்தான். உவமை கூறியவர் பொருளியல் கற்பிக்க அதனைக் கூறவில்லை என்பது உண்மையே. எனினும் அந்த ஒரு பணம் அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவுக்கு வேண்டிய கூலி என்பதை நினைத்தால், கடைசியில் வந்தவன் வீட்டிலும் அன்று அடுப்பெரிய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருத்தல் விளங்கும்.

சித்தூர்த் திருச்சபையில் ஞாயிறுதோறும் இவ்வேதம் வாசிக்கப்பட்டது. அங்கே ஒரு முரண் இருந்தது. மோசேயின் சட்டத்தில் அந்நியன் எளியவன். அவனைக் காக்கவே சட்டம் பிறந்தது. ஆர்க்காடு மிஷனிலோ அந்நியர் கையில் பணப்பை இருந்தது. உள்நாட்டார் எளியவராய் நின்றனர். பெயரளவில் யார் அந்நியர், யார் உள்ளூரார் என்று பார்ப்பதினும், யார் கையில் பணமும் முடிவும் இருக்கின்றன, யார் அவர்முன் நிற்கின்றார் என்று பார்த்தாலன்றி அச்சட்டத்தின் உட்கருத்து விளங்காது.

திருப்பதிக்கு வருவோம். மேல்நாட்டார் இப்பகுதிக்கு வந்தது மிஷன் காலத்தில் முதன்முறை அன்று. சந்திரகிரியில் இரண்டாம் வேங்கடபதி தேவராயர் ஆண்ட நாளில், 1598 ஆம் ஆண்டில், சேசு சபைப் பாதிரிமார் அரசவைக்கு வந்தனர். அவர்கள் அரசரின் ஆதரவை வேண்டி வந்த விருந்தினர். அங்கே நாற்காலி யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. அமரச் சொன்னால் அமர்ந்திருப்பர். முந்நூறு ஆண்டுகளுக்குள் காட்சி எவ்வளவு மாறிவிட்டது!

திருப்பதியைச் சுற்றிய தெலுங்குப் பகுதியில் பணி தொடங்கியவர்கள் ஜெர்மன் நாட்டு ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷனார். தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் முன்னர் உழைத்த மிலியுஸ் என்பவர் 1865 ஆம் ஆண்டில் சூளூர்ப்பேட்டையில் இதனைத் தொடங்கினார். நாயுடுப்பேட்டை, கூடூர், காளத்தி, இரேணிகுண்டா, திருப்பதி, புத்தூர், கோடூர் என இது பரவியது. திருப்பதியில் இவர்கள் நடத்திய பள்ளியில் 1896 முதல் 1900 வரை படித்த ஒரு சிறுவரைப் பற்றி நாம் பெருமையோடு குறிப்பிடலாம். திருத்தணியிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனே அவர். அதன் பின் அவர் வேலூரில் ஆர்க்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரியில் 1904 வரை பயின்றார். இருவேறு மிஷன்களின் பள்ளியிலும் படித்த அவர் கிறித்தவராகவில்லை. மிஷனரிமார் இந்து சமயத்தைக் குறைகூறியதே அதனைத் தாம் ஆழ்ந்து கற்கக் காரணமாயிற்று என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். 1962 ஆம் ஆண்டில் அவர் குடியரசுத் தலைவரானார். அப்பள்ளிகளின் பெயர் பலகையில் வெளிநாட்டார் பெயர் இருந்தது. வகுப்பறையில் நாள்தோறும் நின்று கற்பித்தவர் பெரும்பாலும் சிறு சம்பளம் பெற்ற உள்ளூர் ஆசிரியரே. அவர்கள் பெயரை எந்த வரலாற்று நூலிலும் காண்பது அரிது.

1914 ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஆங்கில அரசின் கண்ணில் ஜெர்மானியர் ஒரே இரவில் பகைவராயினர். நேற்று வரை பங்களாவில் வாழ்ந்த மிஷனரிமார் போலீஸ் காவலுக்கு உட்பட்டனர். போரிடும் வயதினர் அகமது நகர்ச் சிறைமுகாமிற்கு அனுப்பப்பட்டனர். பெண்டிரும் குழந்தைகளும் முதியோரும் 1915 ஆம் ஆண்டின் இறுதியில் கோல்கொண்டா என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். பணப்பையை உடையவராயிருந்த அந்நியர் இப்போது வேதம் கூறும் எளிய அந்நியராகவே ஆகிவிட்டார். அவர்களுக்குப் பின் பள்ளிகளைத் திறந்தவரும், ஞாயிறு ஆராதனையை நடத்தியவரும், சம்பளம் எங்கிருந்து வரும் என்று அறியாமலே கிராமங்களுக்கு நடந்து சென்றவரும் உள்ளூர் ஊழியரே. கோடூரையும் புத்தூரையும் 1912 ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்த அமெரிக்க ஒகையோ லூத்தரன் சபையார், போருக்குப் பின் எஞ்சிய இடங்களையும் ஏற்றனர். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லூத்தரன் திருச்சபை இவற்றினின்றும் தோன்றியதே. உள்ளூராரால் இயலாது என்று கூறிவந்தவர்களுக்குப் போர் கொடுத்த விடை இது. கொடுத்த விதந்தான் கொடியது.

போருக்கு முன்பே, இவ்வழக்கை உலகறிய எடுத்துரைத்த ஒரு தமிழர் இருந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். 1874 ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். பின்னர் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் செயலாளராய்த் தென்னாடெங்கும் சுற்றினார். 1902 ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் சொந்தப் பணத்தில் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். ஈழத்தார் செய்வதைத் திருநெல்வேலியார் செய்யலாகாதா என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. மறு ஆண்டிலேயே, 1903 இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிருவாகம் என்ற மூன்றும் அதன் உறுதிகள். வெளிநாட்டுக் காசு ஒன்றும் அதில் கலக்கலாகாது. இச்சங்கம் தன் பணிக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஐதராபாத் நிசாம் நாட்டில் தோர்ணக்கல் என்னும் தெலுங்கு ஊர். 1909 ஆம் ஆண்டில் அசரியாவும் அங்கேயே சென்று குடியேறினார், தெலுங்கு கற்றார்.

1910 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகள். அவர்களுள் ஆசியர் ஏறக்குறைய இருபதின்மரே. வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது எவ்வாறு என்ற பொருள் குறித்துப் பேச முப்பத்தைந்து வயதுகூட நிரம்பிய சிறிது காலமே ஆன அசரியா அழைக்கப்பட்டார். மரியாதைக்காக நாலு நல்ல வார்த்தை சொல்லி அமர்ந்திருந்தால் கைதட்டல் பெற்றிருப்பார். அவர் அவ்வாறு செய்யவில்லை. மிஷனரிமாருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உள்ள உறவு சரியில்லை என்று முகத்துக்கு நேரே கூறினார். பணம் கொடுப்பவர், பணம் பெறுபவர் என்ற உறவே மேலோங்கி நிற்கின்றது என்றார். பல்லாண்டு உடனுழைத்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்துண்ணாத நிலையைச் சுட்டினார். பொறுப்பை இந்தியரிடம் ஒப்படையுங்கள் என்று கேட்டார். மேல்நாட்டார் செய்த தியாகங்களை அவர் மறுக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் இந்தியத் திருச்சபை என்றும் நன்றியுடையதாயிருக்கும் என்று வாழ்த்திவிட்டு, அவற்றோடு நட்பையும் தர வேண்டும் என்று வேண்டி முடித்தார்.

அவையில் சலசலப்பு எழுந்தது. இந்தியாவிலிருந்து வந்திருந்த மிஷனரிமார் சிலர் சினம் கொண்டனர். வேறு சிலர் வெட்கினர். இங்கு நாம் ஒன்றைக் கவனிக்கின்றோம். அசரியா சம்பளத்தை உயர்த்துங்கள் என்று கேட்கவில்லை. இதனை அவருடைய குறைபாடாகச் சொல்வாரும் உண்டு; வயிற்றுக்குப் போதாதவனுக்கு நட்பால் என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. ஆயினும் அவர் சங்கத்தை நினைவில் வைத்துப் பார்த்தால் அவர் கருத்து விளங்கும். வெளிநாட்டுப் பணத்தில் சமபங்கு கேட்பதினும், அப்பணத்தை எதிர்பாராமல் நிற்பதையே அவர் விரும்பினார். கேட்க வேண்டியவற்றுள் பணத்தைத் தாமே தேடிக்கொள்ளலாம். மதிப்பை மட்டும் தாமே தேடிக்கொள்ள இயலாது, அதை எதிரில் உள்ளவர் தர வேண்டும். அதையே அவர் கேட்டார் என்பது எங்கள் கருத்து.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1912 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள், கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் துணை நின்றார். எதிர்ப்பும் எழுந்தது. வெள்ளையர் ஒருவர் கறுப்பர் ஒருவரின் கீழ் வேலை செய்வது எங்ஙனம் என்பதே எதிர்ப்பின் சாரம். ஆகையால் முதலில் அவருக்குச் சிறு நிலப்பரப்பே ஒதுக்கப்பட்டது. வெள்ளை மிஷனரிமார் மிகுந்த கிருஷ்ணா வட்டாரம் பின்னரே அவர் ஆட்சியில் சேர்ந்தது.

மற்றொரு சோதனையும் அவருக்கு இருந்தது; அதுவே நமக்கு நெருக்கமானது. தோர்ணக்கல்லில் அசரியா அந்நியர். அவருடன் திருநெல்வேலியிலிருந்து சென்ற தமிழ் ஊழியர் அனைவரும் அந்நியரே. அங்குள்ள மாலா, மாதிகா மக்களுக்கு அவர்கள் படித்தவர், சம்பளம் பெறுபவர், வேற்றுமொழிக்காரர். வெள்ளையர் தமக்குச் செய்ததைத் தமிழர் தெலுங்கருக்குச் செய்வது எவ்வளவு எளிது! தமிழே தெரிந்த ஒரு சிறு வட்டமாய் அவர்கள் வாழ்ந்திருக்கலாம். அசரியா அவ்வழியில் செல்லவில்லை. தெலுங்கில் பிரசங்கித்தார், கிராமத்து இளைஞரை மனைவி மக்களோடு வரவழைத்துப் பயிற்றுவித்துக் குருமாராக்கினார். 1939 ஆம் ஆண்டில் அவர் எழுப்பி முடித்த பேராலயம் கோபுரமும் தூணும் கவிகையுமாய் இந்நாட்டுக் கட்டடக் கலைகளைத் தழுவி நிற்கின்றது.

ஆர்க்காட்டுப் பகுதியில் மாறுதல் மெல்லவே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியரும் அமெரிக்கரும் சேர்ந்தமர்ந்து பணத்தையும் பணியையும் ஆராயும் அவைகள் படிப்படியாய் அமைந்தன. மருத்துவத் துறை இதில் முன் நின்றது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் சேர்ந்து நிறுவிய காசநோய் மருத்துவமனையை வளர்த்தவர் டென்மார்க்கு நாட்டு டாக்டர் கிறிஸ்டியன் பிரிமாட் மோலர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் இந்தியரான டாக்டர் பி. வி. பெஞ்சமின், பின்னாளில் அவர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகராகவும் விளங்கினார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918 ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவப் பள்ளி கல்லூரியாய் வளர்ந்தபின், அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் விசாகப்பட்டினத்துப் பெண்மணி டாக்டர் ஹில்டா லாசரஸ். காசநோய்க் கிருமியும் அறுவைக் கத்தியும் தோலின் நிறம் பார்ப்பதில்லை. ஆதலால் மருத்துவரிடையே திறமையை மறுப்பது கடினமாயிருந்திருக்கலாம். 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆர்க்காட்டுச் சபைகளும் அதில் கலந்தன. விடுதலை பெற்ற இந்திய அரசோ, தகுதியுள்ள இந்தியர் இருக்கும் பணிக்கு வெளிநாட்டார் வருவதை ஐம்பதுகளில் கட்டுப்படுத்தியது. மிஷனரிமாரின் தொகை குறைந்தது. பங்களாக்கள் சில பள்ளிகளாயின, சில பாழடைந்தன.

இனி நம்மைப் பற்றியும் இரண்டு சொல். 1953 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் இரவு சித்தூரில் உறங்கிய தமிழாசிரியர் ஒருவர் சென்னை இராச்சியத்தில் உள்ளூரார். மறுநாள் காலை ஆந்திர இராச்சியத்தில் கண்விழித்தபோது அவர் சிறுபான்மையோர். வீட்டை மாற்றவில்லை, பாயைக்கூட மாற்றவில்லை. 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னையோடு சேர்ந்தது. அங்குள்ள தெலுங்கருக்கு அன்று இதே அனுபவம். 1975 ஆம் ஆண்டில் ஆந்திரத்தில் அரசுப் பணிக்கு உள்ளூரார் யார் என்று குடியரசுத் தலைவர் ஆணை வரையறுத்தபோது, பிறந்த மண்ணைக் கொண்டன்றிப் படித்த ஆண்டுகளையும் வாழ்ந்த ஆண்டுகளையும் கொண்டே வரையறுத்தது. நம் காலனியில் பிறந்து இங்கேயே படித்த பிள்ளைகள் பலர் அவ்விதியால் உள்ளூராரே ஆயினர். அவர்தம் பெற்றோர் ஆகவில்லை.

2022 ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அதன் தென்கோடியில், சத்தியவேட்டிற்கு அருகே, ஸ்ரீசிட்டித் தொழில் நகரில் சப்பானியரின் ஆலைகள் நடக்கின்றன. மேலே சப்பானியப் பொறியாளர். நடுவில் சென்னையிலிருந்து வண்டியேறி வரும் நம்மவர். அவர்களோடு சுற்றுக் கிராமத்துத் தெலுங்கு இளைஞரும் வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளரும். யாருக்கு நிறுவனத்து வண்டி, யாருக்கு ஒப்பந்தக்காரரின் கூலி, யார் எந்த மேசையில் உண்பது என்ற கேள்விகள் அங்கும் உண்டு. நம் காலனியிலோ, வீட்டுவேலைக்கு வரும் அம்மையாரை அக்கா என்றழைக்கும் வீடும் உண்டு. பெயரே அறியாத வீடும் உண்டு. ஊரிலிருந்து தருவித்த சமையற்காரருக்கு ஒரு சம்பளமும், அதே வேலை செய்யும் உள்ளூர்ச் சமையற்காரருக்கு வேறொரு சம்பளமும் நம் விழாக்களிலேயே கொடுத்திருக்கின்றோம். இவ்வாண்டுச் செயற்குழுவில் அது பேச்சுக்கு வந்தது; முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.

தோர்ணக்கல் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. அசரியாவின் கடைசிப் பத்தாண்டுகளில் அவருக்குத் துணைப் பேராயராய் இருந்தவர் எலியட் என்னும் ஐரோப்பியர். எடின்பரோவில் நட்பை வேண்டி நின்ற தமிழரின் கீழ் வெள்ளையர் ஒருவர் 1935 முதல் பணியாற்றினார். 1945 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அசரியா மறைந்தார். அவருக்குப் பின் எலியட் பேராயரானார். எலியட்டுக்குப் பின் அவ்விருக்கையில் அமர்ந்தவர் சாலமன் என்னும் தெலுங்கர்.